அம்மா சொன்ன வெள்ளைப் பெட்டி

நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில், கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு கணக்கு டீச்சர், வீடியோ கேம் பெட்டிகளில் எது உசத்தி என்று கடை கடையாக ஏறி விசாரித்தால், சிதம்பரத்தில் அதைப் புரிந்துகொள்ள ஆள் கிடையாது. முதல் கடையில் "பையனுக்கா மேடம்?" என்றார்கள். பையனுக்கு ஒன்பது மாதம், தூளியில் தூங்குகிறான் என்றேன். இரண்டாவது கடையில் "சாருக்கா?" என்றார்கள். சாருக்குச் சீட்டு ஆடுவதற்கே பொறுமை கிடையாது. மூன்றாவது கடையில் நானே முந்திக்கொண்டு "எனக்குத்தான்" என்றேன். கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஏதோ குடும்பக் கஷ்டம் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் நினைத்தது சரிதான்.

பெட்டிகள் இரண்டு. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஏதாவது ஒரு கட்சிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். இந்த விவகாரத்தில் எங்கள் பள்ளிப் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் சண்டை போட்டுக்கொண்டு பெஞ்சு மாறி உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கடையில் இருந்தவற்றில் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. அடையாளத்துக்கு அதுவே போதும். வெள்ளைக்கு மாதச் சந்தா கட்டினால் ஆட்டங்கள் கொட்டிக் கிடக்கும், ஒவ்வொன்றாக விலை கொடுத்து வாங்க வேண்டாம். கறுப்புக்கென்றே தனியாகச் செய்த ஆட்டங்கள் பிரமாதமாக இருக்கும், கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் மழை பெய்தால்கூட அதற்கேற்ப அதிரும். ஆன்லைனில் அடுத்தவரோடு சேர்ந்து ஆட வேண்டுமானால் இரண்டுக்குமே சந்தா கட்டியாக வேண்டும். கடைக்காரர் கறுப்புக் கட்சி. "வெள்ளையும் நல்லாத்தான் இருக்கும் மேடம்" என்று அவர் சொன்ன தொனியில்தான், பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "பொண்ணு நல்லாப் படிச்சிருக்கு" என்று சொல்வார்கள்.

ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் அவர் கேட்டார்: "உங்க ஃப்ரெண்ட்ஸுங்க எது வச்சிருக்காங்க மேடம்? கண்ண மூடிக்கிட்டு அதையே வாங்கிடுங்க. பல ஆட்டத்துல இதுல இருக்கிறவங்க அதுல இருக்கிறவங்களோட சேந்து ஆட முடியாது."

அதுதான் எனக்குத் தெரியவில்லை. என்னோடு ஆட வேண்டிய ஆள் ஒரே ஒருவன். ஒன்றேகால் மணி நேர பஸ் தூரத்தில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறான். என் தம்பி. அவன் என்னோடு பேசி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த முறை. என் மூத்த மகளுக்குத் திருவந்திபுரம் கோயிலில் காது குத்த நாள் குறித்தபோது தம்பி கடலில் இருந்தான். அப்பாவின் விசைப்படகை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். முதல் நாள் சாயங்காலமே கரைக்கு வந்திருக்க வேண்டியவன், நடுக்கடலில் எஞ்சின் மக்கர் செய்து, இன்னொரு படகைப் பிடித்து இழுத்துவரச் செய்து, காலையில் துறைமுகத்தில் இறங்கி அப்படியே ஓடிவந்தான். இங்கே நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. பத்தேகாலுக்கு என் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போவுதும்மா. மொறைக்கு யாராவது ஒருத்தர் உக்காந்தா சரி" என்றார். என் பெரியப்பா மகன் ஒருவன் பந்தி எப்போது என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

தம்பி பத்து நிமிடம் கழித்து வந்தான். சட்டை முழுக்க டீசல் வாடை. கையில் சீர்த்தட்டு, அதில் ஒரு ஜோடிச் சின்னக் கம்மல். குழந்தை அடுத்தவன் மடியில் காதில் ரத்தச் சொட்டோடு அழுதுகொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். மாமனாரைப் பார்க்கவில்லை, பெரியப்பா மகனைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

பத்து நிமிஷம் பொறுங்க என்று நான் சொல்லியிருக்கலாம். வகுப்பில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், அன்று மாமனாரின் கைக்கடிகாரத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதற்கு நான் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மன்னிப்புக் கேட்க முயற்சி செய்யவில்லை என்றில்லை. போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருந்தான். அம்மா வீட்டுக்குப் போனால் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவன் கொல்லைப்பக்கம் வழியாகத் துறைமுகத்துக்குக் கிளம்பியிருப்பான். சோற்றுத் தட்டு பாதியில் கிடக்கும். இப்படியே மூன்று வருடம் போயிற்று. இதற்கிடையில் எனக்கு இரண்டாவதாகப் பையன் பிறந்தான். அவனுக்குப் பதினோராம் மாதம் காது குத்துவதென்று மாமனார் வைகாசியில் நாள் பார்த்துவிட்டார். வைகாசி என்றால் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகள் இரண்டு மாதம் கரையிலேயே கிடக்கும். கடலில் இருந்தேன், எஞ்சின் நின்றுவிட்டது என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாத மாதம். தம்பி வராவிட்டால், வர விருப்பமில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். இந்தப் பிள்ளையாவது அவன் மடியில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்தக் கோடையில் வேறு ஆசை இல்லை.

அப்போதுதான் அம்மா போனில் பேச்சுவாக்கில் சொன்னாள்: "தடைக்காலம் வந்தா ஒன் தம்பிய கையில புடிக்க முடியல. என்னமோ பொட்டி ஒண்ணு வாங்கியாந்து டிவியில மாட்டி வச்சிருக்கான். சாயங்காலமானா அது முன்னாடிதான். எங்கயோ இருக்கிறவன்கிட்டல்லாம் மச்சான் மச்சான்னு பேசறான். பொண்ணு பாக்கப் போவலாம்டான்னா காதுல வுழுவ மாட்டேங்குது."

அன்று முழுக்க எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. முகம் தெரியாதவனோடெல்லாம் பேசுகிறான். முகம் தெரிந்த என்னோடுதான் பேசவில்லை. அப்படியானால் நானும் முகம் தெரியாதவளாக ஆகிவிட்டால் போயிற்று. பள்ளிக்கும் கோடை விடுமுறை, படகுக்கும் விடுமுறை. ஒரு பொய்ப் பேரை வைத்துக்கொண்டு உள்ளே போய் அவனுக்குச் சிநேகிதம் ஆகிவிடலாம், மெல்ல மெல்லப் பேச்சை மாற்றலாம் என்று திட்டம் போட்டேன். என் கணவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நேரா ஒரு லெட்டர் எழுதிப் போட்டுடேன்" என்றார். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் காகிதம்தான் அவருக்குத் தீர்வு. எங்கள் வீட்டில் கோபம் தீருவதற்கு ஒரு முறை உண்டு, லெட்டர் அதில் சேராது என்று விளக்கினேன். அந்த முறை என்ன என்று அவர் கேட்டார். அது எனக்கும் தெரியவில்லை.

இப்போது பெட்டியின் நிறத்துக்கு வருவோம். தம்பியிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் கம்பெனிப் பேரைக் கேட்டால், அவள் அதை அவனிடமே போய்க் கேட்டு வந்து சொல்வாள். ரகசியம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் எதுவும் தெரியாதவள் போல ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏம்மா, தம்பி டிவிகிட்ட வச்சிருக்கிற பொட்டி என்னா நெறம்?"

"வெள்ள. எதுக்குக் கேக்கிற?"

"சும்மாதான். நல்லாப் பாத்துச் சொல்லு."

"தெனமும் அந்த எடத்தக் கூட்டிப் பெருக்கிறவ நானு, எனக்குத் தெரியாதா? வெள்ளதான்டி. பளிச்சினு இருக்கு."

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மறுநாளே மூன்றாவது கடைக்குப் போய் வெள்ளை என்றேன். கடைக்காரர் பெருமூச்சு விட்டபடி எடுத்துக் கொடுத்தார். வீட்டில் டிவிக்கு மாட்டி, சந்தாவும் கட்டி, தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நெட்டும் வேகமாக இருந்தது. ஆனால் உள்ளே கோடிப் பேர் இருந்தார்கள், தம்பியை எந்தப் பேரில் தேடுவது? மறுபடியும் அம்மாவைக் கூப்பிட்டேன். அவன் ஆடிக்கொண்டிருக்கும்போது அவனுக்குத் தெரியாமல் டிவியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மூத்தவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன்.

போட்டோ வந்தது. பாதிப் படம் அம்மாவின் கட்டைவிரல். மீதிப் பாதியில் டிவி தெரிந்தது. திரையில் ஒரு கார் பெரிய பந்து ஒன்றைத் துரத்திக்கொண்டு போகிறது. டிவிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பச்சைக் கரை போட்டிருந்தது.

எந்தக் கம்பெனியும் கரை வைத்த பெட்டி செய்வதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது அப்பாவின் பழைய வேட்டி. நான்கு பக்கமும் மடித்துத் தைத்து, ஒயர் போக ஒரு ஓட்டை, காற்று போகப் பக்கத்துக்கு இரண்டு ஓட்டை வைத்து அம்மா போட்டிருந்த உறை.

இந்த இடத்தில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் இருபத்துநான்கு வருடம் வளர்ந்தவள் நான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக்காற்று இரும்பென்றும் பித்தளையென்றும் பார்க்காது. அங்கே மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, ஃபேன் ஸ்விட்சுக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, ரிமோட் உறை கிழியாமல் இருக்க அதற்கு மேல் இன்னொரு உறை. எனக்குக் கல்யாணத்தில் கொடுத்த பீரோவுக்குக்கூட உறை தைத்துத்தான் சிதம்பரத்துக்கு அனுப்பினாள். எங்கள் தெருவில் எந்தச் சாமானின் உண்மையான நிறமும் யாருக்கும் தெரியாது. இதெல்லாம் தெரிந்தும், நிறம் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன்.

உடனே கூப்பிட்டு, "அம்மா, அந்தத் துணிய எடுத்துட்டுப் பாரு, உள்ள என்னா நெறம்?" என்றேன்.

"உள்ள கறுப்புதான்."

"வெள்ளன்னு சொன்னியே!"

"நீ பொட்டி என்னா நெறம்னுதானே கேட்ட? துணியத் தூக்கிட்டுப் பாருன்னா சொன்ன?" என்றாள்.

கடைக்குப் பெட்டியைத் திருப்பி எடுத்துப் போனேன். "சீல் ஒடச்சிட்டீங்களே மேடம்" என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அவர் முகத்தில் கறுப்புக் கட்சியின் வெற்றி தெரிந்தது. போட்டோவைக் காட்டினேன். கார், பந்து இரண்டையும் உற்றுப் பார்த்தவர் திடீரென்று சிரித்தார். "அடடா, இந்த கேமா? இது ஒண்ணும் பிரச்சினை இல்ல. இதுல ரெண்டு பொட்டிக்காரங்களும் சேந்து ஆடலாம். ஃப்ரீ கேம் வேற. பொட்டிகூட வேணாம், சாதாரண கம்ப்யூட்டர்லயே ஓடும்" என்றார். பக்கத்தில் நின்றிருந்த என் ஜெராக்ஸ் கடைக்காரர், தன் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். வீடு வருகிற வரை அவர் ஒன்றும் சொல்லாமல் வந்ததற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

போட்டோவின் மூலையில் தம்பியின் ஆட்டப் பேரும் இருந்தது. அதைப் படிக்க எனக்கு அரைமணி நேரம் தைரியம் வரவில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும். அம்மாவின் விரல் மறைத்ததால்தான் அவ்வளவு நேரம் ஆனது. ஆங்கில எழுத்தில் 'தாய்மாமன்' என்று வைத்துக்கொண்டிருந்தான். பின்னால் படகு எண்ணின் கடைசி மூன்று இலக்கம். நாங்கள் பிடுங்கிக்கொண்ட பதவியை அவன் ஆன்லைனில் வைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தூளியில் கிடந்தவனும் சேர்ந்து அழுததால் யாரும் கவனிக்கவில்லை.

நான் 'பாக்கெட் ரவுடி' என்று ஒரு பேர் வைத்துக்கொண்டு நட்புக் கோரிக்கை அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டான். எவ்வளவு தனிமையில் இருந்தால் முன்பின் தெரியாதவனை ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொள்வான் என்று நினைத்து மனம் கரைந்தேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டம். மாமனார் கோயிலைச் சுற்றி நான்கு வீதியும் நடந்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுதான் எங்கள் மைதானம் திறந்திருக்கும் நேரம். காரை ஓட்டிக்கொண்டே பந்தை எதிர் அணியின் வலைக்குள் இடித்துத் தள்ள வேண்டும். நானும் அவனும் ஒரே அணி. அவன் ஹெட்செட்டில் பேசுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் வாய் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் மைக்கை அணைத்து வைத்திருந்தேன். பதிலுக்கு அந்த ஆட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் சில வாசகங்கள் உண்டு, பட்டனைத் தட்டினால் திரையில் வரும். 'நைஸ் ஷாட்!', 'தேங்க்ஸ்!', 'நோ ப்ராப்ளம்!', 'ஸாரி!' எல்லாவற்றுக்கும் பின்னால் ஆச்சரியக்குறியை அவர்களே போட்டுவிடுவார்கள்.

நான் அதிகம் தட்டியது 'ஸாரி!'தான். எனக்குக் கார் நேராக ஓடாது. பந்து இந்தப் பக்கம் போனால் நான் அந்தப் பக்கம் சுவரில் ஏறிக்கொண்டிருப்பேன். இரண்டு முறை எங்கள் வலைக்குள் நானே பந்தைத் தள்ளினேன்.

"யோவ் மச்சான், நீ எந்த டீமுய்யா?" என்பான் தம்பி. 'ஸாரி!' என்பேன். "மைக்கு வாங்க வக்கில்லையா மச்சான்? ஊமையா நீ?" என்பான். 'ஸாரி!' என்பேன். மூன்று வருடம் கழித்து அவன் குரலைக் கேட்கிறேன், திட்டினால் என்ன? காதில் வெல்லமாக இருந்தது.

ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் அவன் கதை பேசுவான். வலை பழுது பார்ப்பதைப் பற்றி, எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பற்றி, குறிஞ்சிப்பாடியில் பார்த்த பெண் 'படகு ஓட்டுறவரா' என்று கேட்ட கேள்வியைப் பற்றி. ஒரு நாள் என்னைப் பற்றியும் வந்தது.

"எனக்கு ஒரு அக்கா இருக்கு மச்சான், சிதம்பரத்துல. டீச்சரு. அப்பா செத்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. இந்த அக்காதான் சாயங்காலத்துல டியூஷன் எடுத்து என்னையப் படிக்க வச்சுது. படிப்பு எனக்கு ஏறல, அது வேற வெசயம். ஊருக்கெல்லாம் பேசும். பேச வேண்டிய எடத்துல மட்டும் வாயத் தொறக்காது." அடுத்த ஆட்டம் தொடங்கியது. "எஞ்சின் நின்னதுக்குக்கூட எனக்கு அன்னைக்கு வருத்தமில்ல மச்சான்."

என் கார் சுவரில் முட்டிக்கொண்டு சுற்றியது. எதிரணி கோல் போட்டது. அவன் அதற்குத் திட்டவில்லை.

வைகாசி பிறந்ததும் முறைப்படி அழைக்கக் கிளம்பினோம். நான், கணவர், மாமனார், வெற்றிலை பாக்கு வைத்த தட்டு. தேவனாம்பட்டினத்தில் இறங்கி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கொல்லைப்பக்கக் கதவு சத்தம் கேட்டது. "துறைமுகத்துக்குப் போயிருக்கான்" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. டிவி பக்கத்தில் பச்சைக் கரை உறைக்குள் பெட்டி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. தட்டை அம்மாதான் வாங்கி வைத்தாள். "வருவானாம்மா?" என்று பஸ் ஏறும்போது கேட்டேன். "ஏங்கிட்ட ஒண்ணும் சொல்லலடி" என்றாள். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்கிற அம்மா அன்றைக்கு அப்படிச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வீடு வந்து ஆறரைக்குப் பெட்டியைப் போட்டால், தாய்மாமன் ஆன்லைனில் இருந்தான். "எங்க மச்சான், இன்னைக்கு லேட்டு?" என்று கேட்டான்.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம். வீட்டில் பூ, பழம், பாத்திரம் என்று ஒரே அமளி. நான் ஐந்து மணிக்கு வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். அன்று நன்றாக ஆடினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கோல்கூடப் போட்டேன். தம்பி பாராட்டவில்லை. ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அவன் மைக்கில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மச்சான், நாளைக்குத் திருவந்திபுரத்துல ஒரு காதுகுத்து. எங்க அக்கா புள்ளைக்கு" என்றான். "தட்டுல்லாம் வச்சி அழைச்சிட்டுப் போயிருக்காங்க. நான்தான் மடியில ஒக்கார வச்சிக்கணும். போவலாமா வாணாமான்னு ஒரே ரோசனையா இருக்குது. நீ என்னா சொல்ற?"

என் கையில் இருந்தது அந்த நான்கு வாசகம்தான். போ என்று சொல்ல அதில் வழியில்லை. கெஞ்ச வழியில்லை. மைக்கைத் திறக்கக் கை போயிற்று, திறந்து என்ன சொல்வது? திரையில் அவன் கார் நின்றது, பக்கத்தில் என் கார் நின்றது. நான் பழகிய பட்டனைத் தட்டினேன்.

'ஸாரி!'

பிறகு திரையில் ஒரு வரி வந்தது. பேச மைக் இருந்தும், அவனும் பட்டனைத்தான் தட்டியிருந்தான். 'நோ ப்ராப்ளம்!'

அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. "பந்த வுட்டதுக்கெல்லாம் எரநூறு வாட்டி ஸாரி சொன்ன. இதுக்கு ஒரே ஒரு வாட்டி சொல்ல மூணு வருசமாக்கா?"

மைக்கைத் திறந்தேன். எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன், வாயில் வந்தது ஒன்றுதான். "எப்படிடா தெரியும்?"

"மொத நாளே அம்மா சொல்லிட்டுது. பொட்டி என்னா நெறம்னு நீ கேட்டன்னு சொல்லிச்சு. வேற எதுக்குக் கேப்ப?"

அப்படியானால் அந்த ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது? எஞ்சினும் வலையும் பெண் பார்த்த கதையும்? வாயைத் திறக்காத அக்காவைப் பற்றிச் சொன்னது? எல்லாம் என்னிடம் சொன்னதுதான். ஒன்றரை மாதமாக நான் முகத்தை மறைத்துக்கொண்டு அவனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்க, அவன் என் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறான். "நாளைக்கு வருவியாடா?" என்று கேட்டேன். தாய்மாமன் ஆஃப்லைன் என்று காட்டியது. அவன் வீட்டில் கரண்ட் போயிற்றா, அவனே அணைத்தானா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஆறரைக்கு வேன். நல்ல நேரம் இந்த முறையும் பத்தரைக்குள். பி.முட்லூர் தாண்டியதும் மாமனார் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மறந்துவிட்டேன், வண்டியைத் திருப்பு என்றார். திருப்பினோம். கண்ணாடி கிடைத்தது. மறுபடி கிளம்பினால் ஆலப்பாக்கம் தாண்டிச் சாலை வேலை, வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்பதே முக்கால் ஆயிற்று. பத்து ஆயிற்று. மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போவுதே" என்றார். மூத்தவள், "தாத்தா, நீங்கதான் லேட்டு" என்றாள். அவளுக்கு மிட்டாய் வாங்கித் தருவதென்று அப்போதே முடிவு செய்தேன்.

பத்து இருபதுக்குத் திருவந்திபுரத்தில் இறங்கிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்டபத்தில் காது குத்தும் ஆசாரி சிடுசிடுவென்று உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே மணையில், வெளுத்த வேட்டி சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு என் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சீர்த்தட்டு.

அம்மா என்னை வழியிலேயே மறித்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஏழு மணிக்கே வந்து குந்திட்டான்டி. ஒண்ணுக்குப் போவக்கூட எழுந்திரிக்கல. அடுத்த வூட்டுப் புள்ளைக்குக் குத்திடறேன், நீங்க எழுந்திருங்கன்னு ஆசாரி சொன்னதுக்கு, பத்து நிமிஷம் பொறுங்க, எங்க அக்கா வருதுன்னு சண்டைக்கே போயிட்டான்."

பத்து நிமிஷம் பொறுங்க. மூன்று சொல்தான். நான் சொல்லாமல் விட்டதை அவன் எனக்காகச் சொல்லியிருந்தான்.

குழந்தையை அவன் மடியில் வைத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமல், பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஆசாரி கம்பியை எடுத்தார். பிள்ளை அலறினான். நானும் அழுதேன், பார்த்தவர்கள் காது குத்தியதற்காக என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது காதும் முடிந்து, அலறலுக்கு நடுவில், மூன்று வருடத்துக்குப் பிறகு தம்பி என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"எல்லாம் சரிக்கா. போயும் போயும் வெள்ளையையா வாங்குவ?"